முதிர்கன்னி வேண்டாம்

பழைய ஆங்கிலத் திருமணப் பதிவேடு ஒன்றின் தமிழாக்கத்தில், இருபது வயது மணப்பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் 'முதிர்கன்னி' என்று போட்டிருந்தார்கள். மூலச்சொல் 'ஸ்பின்ஸ்டர்'. அகராதியில் உள்ள பொருள்தான். ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு அது அநியாயம். 'ஸ்பின்' என்றால் நூற்பது, 'ஸ்டர்' பழைய பெண்பால் விகுதி. 14ஆம் நூற்றாண்டில் இது நூல் நூற்பவளைக் குறித்த வெறும் தொழிற்பெயர். துணி நெய்பவள் வெப்ஸ்டர், ரொட்டி சுடுபவள் பாக்ஸ்டர். அவையெல்லாம் இன்று குடும்பப் பெயர்களாக நின்றுவிட்டன. தக்ளியோ ராட்டையோ இருந்தால் ஒரு பெண் யாரையும் அண்டாமல் தன் சோற்றைத் தானே சம்பாதிக்கலாம். மணமாகாத பெண்கள் பலர் அப்படித்தான் பிழைத்தார்கள். அதனால் 17ஆம் நூற்றாண்டுச் சட்ட ஆவணங்களில் இச்சொல் மணமாகாத நிலையையே குறிக்கலாயிற்று; வயதைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. 'காலம் கடந்தவள்' என்ற ஏளனம் பின்னால் ஏறியது. இளம் வீரனைக் குறித்த 'பேச்சலர்' என்ற சொல்லும் மணமாகாதவன் என்று மாறியது. அதன்மேல் மட்டும் கறை படியவில்லை. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேடுகள் 2005இல் இரண்டையும் கைவிட்டு 'சிங்கிள்' என்று எழுதத் தொடங்கின. நூற்பவளுக்கு நம்மிடம் 'பருத்திப் பெண்டு' என்ற சங்கச் சொல் இருக்கிறது. ஆண்துணை இல்லாத பெண்கள் நூற்ற நுண்ணிய நூலை நற்றிணையும் பேசுகிறது. தொழிற்பொருளுக்கு அந்தச் சங்கச் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். பதிவேட்டுக்கு 'மணமாகாதவர்' போதும். மொழிபெயர்ப்பாளர்களே, 'முதிர்கன்னி'யை அடித்துவிடுங்கள்.