மண்ணில் எழுந்த அலை

ஜப்பான், கடல் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஹொக்குசாய் வரைந்த அந்தப் பெரிய அலைதான். ஜப்பானியப் பீங்கானிலும் ரொம்ப காலம் கடல் அப்படித்தான் இருந்தது, வெறும் படமாக! 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிட்டா ஊரில் பீங்கான் செய்ய ஆரம்பித்தார்கள். தட்டுகளின் மேல் நீல நிறத்தில் அலைகளையும் வரைந்தார்கள். ஆனால் தட்டு தட்டாகவே இருந்தது.

அந்த மண்ணே அலையாக மாறியது எப்படி? அதற்கு முதலில், 'பாத்திரம் என்றால் எதற்காவது பயன்பட வேண்டும்' என்ற கட்டாயம் உடைய வேண்டியிருந்தது.

உலகப்போர் முடிந்து மூன்று வருடம் கழித்து, 1948-ல், கியோட்டோவில் யாகி கசுவோ, சுசுகி ஒசாமு, யமடா ஹிகாரு முதலிய இளைஞர்கள் 'சோதெய்ஷா' என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1954-ல் யாகி ஒரு மண் வளையத்தை நிமிர்த்தி நிறுத்தி, சின்னச் சின்னக் குழாய்களை அதில் ஒட்டினார். காஃப்கா கதையின் நாயகனை நினைத்து 'திரு. சாம்சாவின் நடை' என்று பெயரும் வைத்தார். அதில் பூ வைக்க முடியாது, தேநீர் ஊற்றவும் முடியாது. அதுதான் கலகம்!

அந்தக் கதவு திறந்த பிறகு வந்தவர் ஃபுகாமி சுவேஹரு. 1947-ல் கியோட்டோவில் பிறந்தவர். குயவர் சக்கரத்தில் எதைச் செய்தாலும் வட்டமாகத்தான் வரும். இவருக்கோ தொடுவானம் போல நீண்ட கோடு வேண்டும். அதனால் சக்கரத்தை விட்டுவிட்டு, பீங்கான் மண் குழம்பைக் காற்றழுத்தத்தால் பிளாஸ்டர் அச்சுக்குள் செலுத்தினார். மேலே பூசியதோ, சீனாவில் சோங் வம்சக் காலத்தில் பேர்பெற்ற நீலவெள்ளை மெருகு. அது கனமாகத் தேங்கும் இடத்தில் நீலமாகவும், மெல்லிய விளிம்பில் வெள்ளையாகவும் தெரியும். அலையும் நுரையும் மாதிரியே! 1985-ல் இத்தாலியின் ஃபயென்சா நகரில் நடந்த சர்வதேசப் போட்டியில் முதல் பரிசு இவருக்குத்தான்.

அடுத்து சகியாமா தகயுகி. 1958-ல் பிறந்தவர், கடலோர இசு தீபகற்பத்தில் வேலை செய்பவர். இவருடைய ஜாடிகளுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு சுவர்கள். மேலெல்லாம் மணல் நிறம், வளைந்து ஓடும் வரிகள். அலை வாங்கிய பின் ஈர மணலில் விழும் கோடுகள் போலவே இருக்கும். இந்த வரிசைக்குப் பெயர் 'சோதோ', அதாவது அலையோசை கேட்பது.

எனக்கு ஆச்சரியம் இதுதான். கலகக்காரர்கள் பாத்திரத்தை வேண்டாம் என்றார்கள். ஆனால் சகியாமா மறுபடியும் பாத்திரத்துக்கே வந்துவிட்டார். ஃபுகாமியும் பழைய சீன மெருகைத்தான் எடுத்துக்கொண்டார். சோதெய்ஷா குழு 1998-ல் கலைந்துவிட்டது. அதனால் அது தோற்றுப்போனது என்று நான் நினைக்கவில்லை. கட்டாயம் போன பிறகு, பழையதை விரும்பி எடுத்துக்கொள்வதும் ஒரு சுதந்திரம்தானே?