முடங்கிய வட்ஸ்அப்பும் எழுதப்படாத உரிமையும்

2018 மார்ச் 7ஆந் திகதி. கிண்ணியாவில் எங்கள் மூத்தம்மா கைபேசியை என்னிடம் நீட்டினார். "மகன், இது பழுதாப் போச்சு போல. கட்டார்ல இரிக்கிற தம்பிட சத்தம் ஒண்டும் வருதில்ல. ஒருக்கா பாருங்க."

போனில் பழுதில்லை. முந்திய நாள் அவசரகால நிலை பிரகடனமாகியிருந்தது. அன்று முகநூல், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன. ஒருகாலத்தில் சவூதியிலிருந்து கசெட்டில் குரல் பதிந்து அனுப்புவார்கள். அது வந்துசேர வாரக்கணக்காகும். அந்தக் காலத்துக்கே திரும்பிவிட்டோமோ என்றிருந்தது. 2006 ஆகஸ்டில் மூதூர்ச் சனம் கந்தளாய்ப் பக்கம் நடந்தபோது, யார் உயிரோடு என்றறியாமல் தவித்த ஊர் எங்களது.

ஆனால் தடையை ஆதரித்தவர்களும் நம்மவர்களே. "மூடினாத்தான் நாம பொழைப்பம்" என்று பள்ளி முன்றலில் பேசிக்கொண்டார்கள். அதில் நியாயமும் உண்டு. பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் ஓர் உணவுக்கடையில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் குற்றஞ்சாட்டி எடுத்த காணொளி பரவியது. மாத்திரையல்ல, வெறும் மாப்பொருள் என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னபோது பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டாயிற்று, திகனயும் எரிந்தாயிற்று. தனது தளம் தவறாகப் பயன்பட்டதற்காக முகநூல் நிறுவனம் வருந்தியது 2020இல்.

என் அபிப்பிராயம் வேறு. வெறுப்பைத் தூண்டுவோரைத் தண்டிக்க 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் கையிலிருந்தது. அதைத் தொடாமல் ஒரு வாரத்துக்கு மேல் பார்த்திருந்துவிட்டு, நெருப்பு வைத்தவனையும் வீடு எரிந்தவனையும் சேர்த்தே வாயடைத்தார்கள். 15ஆந் திகதிதான் முகநூல் திரும்பியது. 2019 ஏப்ரலிலும் மே மாதத்திலும் மீண்டும் தடை. 2022 ஏப்ரல் 3இல் ஆர்ப்பாட்டத்துக்கு அஞ்சி இன்னொன்று; அப்போது எந்த இனக்கலவரமும் இல்லை. பழகிய கை!

நமது யாப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமை தருகிறது. 2015இல் சேர்ந்த 14அ தகவல் பெறும் உரிமை தருகிறது. இணையம் என்ற சொல் அங்கே இல்லை. கேரளத்தில் ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி, மாலை ஆறு முதல் பத்து மணிவரை விடுதியில் போன் கூடாதென்ற விதியை ஏற்க மறுத்து வெளியேற்றப்பட்டார். இணைய அணுகல் கல்வியுரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் அங்குள்ள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காஷ்மீர் முடக்கம் பற்றிய வழக்கில், 2020 ஜனவரியில், இந்திய உச்ச நீதிமன்றம் தடையுத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையற்ற தடை செல்லாது என்றது. நமக்கும் அவ்வளவாவது சட்டத்தில் எழுதப்படவேண்டும்: காரணம், கால எல்லை, நீதிமன்ற மீளாய்வு.

மூத்தம்மா அந்த நாள்களில் ரீலோட் போட்டு நேரடியாகவே கட்டாருக்கு எடுத்தார். காசு முடிந்து இடையில் அறுந்தது. "சாப்பிட்டியா எண்டு கேக்கத்தான் நேரம் கிடைச்சிச்சு" என்றார்.