நந்தன் நுழைந்த வாசல் எது?

சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் நந்தனார் எந்த வாசல் வழியாகப் போனார் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். தெற்குக் கோபுரம் என்பார் ஒருவர். அதற்கு நேரே உள்மதிலில் ஒரு வாசல் இருந்தது, நந்தன் கால் பட்டதென்று சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள் என்பார் இன்னொருவர். ஓமக்குளத்தில் தீயில் இறங்கியவர் அங்கேயே சோதியாகிவிட்டார், வாசல் வரைக்கும் வரவே இல்லை என்பார் மூன்றாமவர். உள்ளே விட்டார்களாவது, எரித்துவிட்டுக் கதை கட்டினார்கள் என்று நாலாமவர் முடித்துவிடுவார்.

நான் கடலூர் முதுநகர்க்காரன். குமாஸ்தா உத்தியோகம் சிதம்பரத்தில். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று போகும் பாசஞ்சர் வண்டியில்தான் என் வேலைக் காலம் கழிந்தது. எங்கள் பெட்டியில் ஒரு மூலையில் சீட்டுக் கச்சேரி, மறு மூலையில் இந்த வாசல் சண்டை. பெரியபுராணத்தைத் தலைகீழாகச் சொல்லும் ஒரு தமிழ் வாத்தியார், கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகளை முணுமுணுத்தபடியே வரும் ஒரு பஜனைக்காரர், ஒரு தொழிற்சங்கத் தோழர். தோழர்தான் ஒரு நாள் கேட்டார்: “ஏங்கய்யா, திருப்புன்கூர்ல அவ்வளவு பெரிய நந்தியை நகர்த்தின சாமிக்கு, இங்க ஒரு கதவைத் திறந்துவிட முடியலையா?” வாத்தியார் கோபித்துக்கொண்டார். “முதல்ல சேக்கிழாரைப் படிச்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.” தோழர் படித்தாரோ இல்லையோ, நான் படித்தேன்.

கதையின் வேர் மிகச் சிறியது. 8-ஆம் நூற்றாண்டில் சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அடியார்களை வரிசையாகச் சொல்லும்போது, திருநாளைப்போவார் என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஊர் இல்லை, சாதி இல்லை, தீ இல்லை, வாசலும் இல்லை. பிறகு வந்த நம்பியாண்டார் நம்பி ஒரே பாட்டில் கொஞ்சம் சேர்க்கிறார். ஊர் ஆதனூர், அம்பலத்தான் அருளால் புலை நீங்கியது, தில்லை மூவாயிரவர் கைகூப்ப அவர் முனிவரானார். இங்கும் தீக்குழி இல்லை. புலை எப்படி நீங்கியது என்று நம்பி சொல்லவில்லை.

தீயும் வாசலும் 12-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், சேக்கிழாரின் கையால் வருகின்றன. நந்தனார் என்ற பெயரையும் அவர்தான் நமக்குத் தருகிறார். ஆதனூர்ச் சேரியை அவர் வரையும் அழகை வாத்தியார் சொல்லிக் கேட்க வேண்டும். கையில் இரும்புக் காப்பு மாட்டிய கறுத்த பையன்கள் நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். குட்டிகளின் மெல்லிய குரைப்பைப் பையன்களின் இடுப்பு மணி அடக்கிவிடும். மருத மர நிழலில், தோலின் மேல் குழந்தையைக் கிடத்தி ஒரு தாய் தூங்கவைப்பாள். அந்தச் சேரியிலிருந்து நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்துவருகிறார். அவர் கொடுத்த தோல் உள்ளே போகும். அவர் போகக் கூடாது.

தில்லை எல்லைக்கு வந்தவர் வேள்விப் புகையைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைய அஞ்சுகிறார். இரவும் பகலும் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்து, அயர்ந்து தூங்குகிறார். கனவில் இறைவன் வந்து, தீயில் மூழ்கி எழுந்து வா என்கிறான். தில்லைவாழ் அந்தணருக்கும் அதே கட்டளை. தெற்கு மதிலுக்கு வெளியே, வாசலுக்கு முன்னால், அவர்கள் தீ வளர்க்கிறார்கள். நந்தனார் மூழ்கிப் பூணூலும் சடைமுடியுமாக முனிவராய் எழுந்து, கோபுரத்தைத் தொழுது உள்ளே போகிறார். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை.

ஆக, வாத்தியார் கட்சிக்குச் சான்று உண்டு: தெற்கு வாசல், மதிலுக்கு வெளியே தீ. ஓமக்குளத்துக்காரர்கள் சொல்வது வேறு. குளம் தேரோடும் வீதிகளைத் தாண்டி இருக்கிறது. நந்தனார் தீயில் இறங்கிய இடம் அதுதான் என்பது ஊர் வழக்கு. சேக்கிழாரின் வாசலையும் ஓமக்குளத்தையும் ஒன்றாக்க முயன்ற வாதங்கள் எங்கள் பெட்டியில் கிள்ளை தாண்டும் வரைக்கும் நடக்கும்.

சரி, தெற்கு வாசல் என்றே வைத்துக்கொள்வோம். இன்று நாம் நின்று அண்ணாந்து பார்க்கிற தெற்குக் கோபுரம் 13-ஆம் நூற்றாண்டின் வேலை. காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கனின் கல்வெட்டு அதைச் சொக்கசீயன் பெயரால் குறிக்கிறது. கோபுரத்தில் இரட்டைக் கயல் இருப்பதால் பாண்டியருக்கும் அதில் பங்கு கேட்பவர்கள் உண்டு. சிதம்பரத்துக் கோபுரங்களில் எது முந்தியது, எது பிந்தியது என்ற விவகாரத்துக்கென்றே ஜேம்ஸ் ஹார்ல் என்ற ஆய்வாளர் 1963-இல் ஒரு தனிப் புத்தகம் போட்டார். வடக்குக் கோபுரம் கிருஷ்ணதேவராயர் 1516-இல் கட்டியது. சுந்தரருக்கு முந்திய நந்தனார் பார்த்த வாசலாக இவற்றில் எதுவும் இருக்க வழியில்லை. சேக்கிழார் பாடியபோதே இன்றைய தெற்குக் கோபுரம் எழவில்லை.

அடைத்த வாசல் கதைக்கும் ஒரு பிடி இருக்கத்தான் செய்கிறது. தெற்குக் கோபுரத்தைக் கடந்து நேரே நடந்தால் உள்மதில் குறுக்கே நிற்கும். உள்கோபுரங்கள் கிழக்கிலும் மேற்கிலும்தான். நடராசரோ தெற்கு நோக்கி ஆடுகிறார். அவர் முகத்துக்கு நேரே வருகிறவன் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பார்க்கிற எவனுக்கும் “இங்கே ஒரு வழி இருந்திருக்க வேண்டுமே” என்று தோன்றும். 2010-ஐ ஒட்டி இடதுசாரிகளும் தீண்டாமை ஒழிப்பு இயக்கத்தினரும் அந்தச் சுவரை எடு என்று போராடினார்கள். அப்படி எந்த வாசலும் அடைக்கப்படவில்லை என்பது தீட்சிதர்கள் தரப்பு.

இந்தக் கோயில் 18-ஆம் நூற்றாண்டுப் போர்களில் கோட்டையாகவே இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1781-இல் ஐதர் அலியின் ஆட்கள் உள்ளே இருக்க, ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் மோதிப் பார்த்து முடியாமல் திரும்பினார். பிறகு ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டையில்தான் அவருக்கு வெற்றி கிடைத்தது. பீரங்கிக் குண்டு பார்த்த மதிலில் ஒரு சுவரைக் காட்டி, இது நந்தனுக்காக வைத்தது என்றோ இல்லை என்றோ கண்ணால் பார்த்தே அடித்துச் சொல்வது சரித்திரம் ஆகாது.

பஜனைக்காரர் கட்சியின் நந்தன் 1860-களின் தொடக்கத்தில் பிறந்தவன். கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் ஒரு வேதியரைப் பண்ணையாராகக் கொண்டுவந்தார். நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்பவர் அவர்தான். சேக்கிழாரிடம் இந்த ஆளே கிடையாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கொடுக்க நெடுநாள் இழுத்தடித்தார். பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து பாடியதைக் கேட்டு மனம் இளகித்தான் கொடுத்தார் என்று உ.வே.சா. எழுதுகிறார். ஆனால் ஜனங்கள் பிடித்துக்கொண்டது பாரதியாரைத்தான். 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். லட்ச ரூபாய் சம்பளம் என்று ஊரெல்லாம் பேச்சு. 1942-இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர். இந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்குக் கோயில் வாசலை மறித்தவர் பண்ணையார்தான்.

அயோத்திதாசப் பண்டிதரின் நந்தன் அடியாரே அல்ல. சூழ்ச்சியால் கொல்லப்பட்ட அரசன். அந்த நந்தனுக்கு வாசலில் நிற்கும் வேலையே இல்லை.

இத்தனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். இடம் மாறுகிறது, மறித்தவன் மாறுகிறான், தீ வருகிறது, போகிறது. அடியாராக நந்தன் வரும் பழைய பாடல்கள் எதிலும் அவர் பறையராகவே உள்ளே போகவில்லை. நம்பியிலும் முனிவராக வேண்டியிருக்கிறது, சேக்கிழாரிலும் முனிவராக வேண்டியிருக்கிறது. தோழர் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது. திருப்புன்கூரில் நந்தி விலகியபோது நந்தனார் வெளியே நின்றுதான் பார்த்தார். யாருடைய முறையும் கெடவில்லை. தில்லையில் உள்ளே போக வேண்டும் என்றதும், கதவு மாறுவதற்குப் பதில் ஆள் மாற வேண்டியதாயிற்று. அதை எழுதியவர்கள் காலத்துக்கு அதற்கு மேல் போக முடியவில்லை.

அதற்கு மேல் போனவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிப் பக்கத்திலிருந்து 1910-இல் சிதம்பரம் வந்தவர். நந்தனார் தீக்குளித்ததாக ஊர் சொல்லும் ஓமக்குளத்தில் 1916-இல் நந்தனார் பெயரால் பள்ளிக்கூடம் தொடங்கினார். சேரிப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். 1927-இல் காந்தி சிதம்பரம் வந்தபோது நந்தனைச் சத்தியாக்கிரகியாகவே பேசினார். சட்டம் வர 1947 ஆயிற்று. சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டத்துக்குப் பிறகுதான், யாரும் தீக்குளிக்காமல், யாரும் முனிவராகாமல், இருந்த சாதியோடு கோயிலுக்குள் போக முடிந்தது.

சுவரைப் பற்றி ஆராய்ச்சி நடக்கட்டும். தொல்லியல் துறை அளந்து பார்த்துச் சொன்னால் ஏற்றுக்கொள்வோம். ஆனால் நந்தன் வாசலைத் தேடிச் சிதம்பரம் வருகிறவர்கள் தெற்குச் சன்னதியோடு திரும்பிவிட வேண்டாம். ஓமக்குளத்துக்கும் போய், அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.