கரிப்புகை முதல் சிகரெட் வரை



குளிரைப் போக்கவே புகைபிடிக்கிறோம் என்று கூறுவோர் எங்கள் றொசல்லப் பகுதியில் பலர் உளர். பனி மூடிய மலைச்சரிவில் அதிகாலையில் வேலைக்குச் செல்லும் தொழிலாளிக்கு ஒரு பீடியோ சிகரெட்டோ நல்ல துணையென்றே தோன்றும். அத்துணை உடலுக்குள் யாது செய்கிறது என்பதை மனித குலம் அறிந்துகொள்ள இரு நூற்றாண்டுகளுக்கு மேலாயின. அவ்வரலாற்றையே இன்று சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

1775ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பேர்சிவல் பொட் என்னும் அறுவை மருத்துவர் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். புகைபோக்கிகளுள் ஏறிக் கரியைத் துடைத்த சிறுவர், வளர்ந்தபின் ஒருவகைப் புற்றுநோய்க்கு ஆளாயினர்; அதற்குக் கரியே காரணம் என்றார் அவர். அக்கரியில் உறையும் நஞ்சு யாது என்பதை அன்று எவரும் அறியார். 1915இல் ஜப்பானிய அறிஞர் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் நிலக்கரித் தாரைத் திங்கட்கணக்கிற் பூசிப் புற்றுநோய் தோன்றுவதைக் காட்டினர். 1933இல் இங்கிலாந்தில் கெனவேயின் ஆய்வுக்குழுவினர் அத்தாரிலிருந்து பென்சோபைரீன் என்னும் நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தனர். நிலக்கரியாயினும் விறகாயினும் புகையிலையாயினும், முற்றாக எரியாத பொருளின் புகையில் இந்நஞ்சு பிறக்கின்றது.

இதனிடையே மேலைநாடுகளில் நுரையீரற் புற்றுநோய் பெருகி வந்தது. றிச்சட் டொல், பிராட்ஃபோட் ஹில் என்னும் இருவர் இலண்டன் மருத்துவமனைகளில் நோயாளரை ஆராய்ந்தனர். சாலைக்கு இடும் தாரே காரணமாகலாம் என்றே டொல் முதலில் ஐயுற்றார். கிடைத்த விடையோ சிகரெட். ஆய்வு முடியுமுன்னரே டொல் தாமும் புகைப்பதை நிறுத்திவிட்டார். 1950இல் அவ்வாய்வு வெளியாயிற்று. 1951இல் அவர்கள் ஏறத்தாழ 40,000 பிரித்தானிய மருத்துவரின் பழக்கத்தைப் பதிவுசெய்து, தொடர்ந்து கண்காணிக்கலாயினர்.

உண்மை வெளிப்பட்டதும் அதற்குத் திரையிடுவோரும் தோன்றினர். 1954இல் அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்கள் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரமிட்டு, குற்றச்சாட்டு நிறுவப்படவில்லை என்றன. எனினும் 1962இல் இங்கிலாந்தின் அரச மருத்துவர் கல்லூரியும், 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கையும் உண்மையை உறுதிசெய்தன. 1996இல் இறுதிக் கண்ணியும் இணைந்தது. உயிரணு கட்டின்றிப் பெருகாமற் காப்பது பி53 என்னும் மரபணு. நுரையீரற் புற்றுநோயில் அம்மரபணு பழுதுறும் அதே இடங்களையே, உடலில் மாற்றமுற்ற பென்சோபைரீன் தாக்குகின்றது என ஆய்வாளர் கண்டனர். புகைபோக்கிச் சிறுவரை வருத்திய கரியின் நஞ்சே சிகரெட் பிடிப்போரின் நெஞ்சிலும் புகுந்திருந்தது.

இன்று புகையிலைப் புகையில் 7,000க்கு மேற்பட்ட இரசாயனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோய் விளைப்பவை. பென்சீன், ஃபோமல்டிகைட், ஆசனிக், கட்மியம் ஆகியன அவற்றுட் சில. பீடிப் புகைக்கும் இது பொருந்தும். ஒரே லயன் காம்பராவில் தந்தை ஊதும் புகையை மனைவியும் மக்களும் சுவாசிக்கின்றனர். அந்நஞ்சு அவர்களையும் சாரும். குளிரைப் போக்கும் என்பதும் மயக்கமே. நிக்கொட்டின் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் கைகால்கள் மேலும் குளிர்கின்றன.

நம் நாடு 2006இன் 27ஆம் இலக்கச் சட்டத்தால் 21 வயதுக்குட்பட்டோர்க்குப் புகையிலைப் பொருள் விற்பதைத் தடைசெய்தது. சட்டம் கடைவாசல்வரை வரும்; அதற்கப்பால் காக்கவேண்டியது குடும்பமே.

பல்லாண்டு புகைத்தவர் மனம் தளரவேண்டியதில்லை. டொல் தொடங்கிய மருத்துவர் ஆய்வின் 50 ஆண்டு முடிவு 2004இல் வெளிவந்தது. தொடர்ந்து புகைப்போர் சராசரியாகப் 10 ஆண்டு ஆயுளை இழக்கின்றனர். 30 வயதில் நிறுத்துவோர் அவ்விழப்பை ஏறத்தாழ முற்றாகத் தவிர்க்கின்றனர். 40இல் நிறுத்துவோர் 9 ஆண்டும், 50இல் 6 ஆண்டும், 60இல் 3 ஆண்டும் மீளப் பெறுகின்றனர். அறுபதிலும் வாயில் அடைபடவில்லை. பேரப்பிள்ளையோடு கூடிவாழ மூன்றாண்டு என்பது சிறிதன்று.