கிழக்கு இலண்டனில் குடியேறிய மாணவர்கள்



விடுமுறை நாளில் சேரிக்குச் சென்று, தெருவைப் பெருக்கி, பழந்துணி வழங்கி, மாலையில் வீடு திரும்புவதைத் தொண்டு என்கிறோம். தலைமையாசிரியனாயிருந்த காலத்தில் நானும் மாணவரை அவ்வாறு அழைத்துச் சென்றதுண்டு. ஆயினும், அங்கேயே குடியிருந்து தொண்டு செய்தால் என்ன என்று கேட்டார் சாமுவேல் பார்னெட் என்னும் ஆங்கிலப் பாதிரியார்.

அவர் 1873-இல் கிழக்கு இலண்டனைச் சேர்ந்த ஒயிட்சாப்பலில் திருப்பணி ஏற்றார். அங்குள்ள மக்களுட் பலர் கப்பல்துறையில் அன்றாடக் கூலிகள்; இன்று வேலை உண்டு, நாளை இல்லை. ஆராயாமல் இடும் பிச்சை இக்குறையைத் தீர்க்காது என்பதைப் பார்னெட் கண்டார். 1883-இல் ஆக்ஸ்போர்டு மாணவரிடம் சென்று, "ஏழைகளின் அண்டை வீட்டாராக வாழ வாருங்கள்" என்னும் கருத்தை விளக்கிப் பேசினார். மறு ஆண்டே டாயின்பி மன்றம் தோன்றியது. ஒயிட்சாப்பலில் தங்கித் தொண்டாற்றி, 1883-இல் முப்பதாம் வயதில் மறைந்த வரலாற்றாசிரியர் ஆர்னால்டு டாயின்பியின் பெயரையே அது தாங்கிற்று.

அங்குத் தங்கிய பட்டதாரிகள் பகலில் தத்தம் அலுவலைப் பார்த்தனர். மாலையில் வகுப்பு நடத்தினர், ஏழைகளுக்குச் சட்ட ஆலோசனை கூறினர். சமயச் சோதனை எதுவும் அங்கு இல்லை. அம்மன்றத்தைக் கண்டு சென்ற ஜேன் ஆடம்ஸ் அம்மையார், 1889-இல் சிகாகோ நகரில் ஹல் இல்லத்தை நிறுவினார்.

ஆனால் மறுப்பும் எழுந்தது. வந்த இளைஞர் பின்னாளில் அரசாங்கப் பதவிகளில் அமர்ந்தனரேயன்றி, ஏழையின் நிலை மாறவில்லை என்று தொழிலாளர் தலைவர் ஜார்ஜ் லான்ஸ்பரி குறை கூறினார். அக்குறையை எளிதில் தள்ள இயலாது. எனினும் 1903-இல் அம்மன்றத்தில் பணியேற்ற வில்லியம் பெவரிட்ஜ், 1942-இல் சமூகக் காப்புறுதிக்குத் திட்டம் தீட்டினார். 1910-இல் அங்கே செயலாளராயிருந்த கிளெமென்ட் அட்லி, 1945-இல் பிரதமரானார். அவருடைய ஆட்சியில், 1948-இல், மருத்துவ வசதி யாவர்க்கும் பொதுவாயிற்று.

பிச்சையிட்டவன் மறந்துவிடலாம், அண்டை வீட்டான் மறத்தல் அரிது. அடுத்த முறை நீங்கள் சேரிக்குச் செல்லும்போது, கொடுப்பதற்கு முன் அங்குள்ளோரிடம் ஒன்று கேளுங்கள்: அவர்களுக்குக் கூலி என்ன? மாதத்தில் எத்தனை நாள் வேலை? தொண்டு அக்கேள்வியில்தான் தொடங்குகிறது.