கயவரும் கேப்மாரியும்

வசைச் சொல்லுக்கும் வரலாறு உண்டு. தீயோனைச் சுட்ட முன்னைத் தலைமுறையினர் வழங்கிய சொற்களுள் கயவன், முடிச்சவிழ்க்கி, கேப்மாரி ஆகிய மூன்றை ஈண்டு ஆராய்வோம். வழக்கில் மூன்றும் ஏறத்தாழ ஒரு பொருளே தருவன. ஆயினும் அவை பிறந்த வழிகள் வேறு.

கயவன் என்பது செய்யுளும் அறிந்த சொல். பொருட்பாலின் நிறைவாக, 108ஆம் அதிகாரமாகக் கயமையை வைத்தார் வள்ளுவர். கயவர் தோற்றத்தால் மக்களையே ஒத்திருப்பர் என்பது அவ்வதிகாரத்தின் முதற் கருத்து. உருவைக் கண்டு கயமையை அறிதல் இயலாது. நடத்தையே அதனைக் காட்டும்.

முடிச்சவிழ்க்கி பேச்சுவழக்கில் தோன்றியது. சட்டைப்பை பரவாத காலத்தில் ஆடவர் வேட்டி முனையிலும் மகளிர் முந்தானையிலும் காசை முடிந்து வைத்தனர். உடையவர் அறியாமல் அம்முடிச்சை அவிழ்த்தவன் இப்பெயர் பெற்றான். காசு முடியும் வழக்கம் அருகிய பின்னும் ‘முடிச்சவிக்கி’ எனத் தேய்ந்து அச்சொல் பொது வசையாய் நின்றது. இதுவும் தொழிலால் வந்த பெயரே.

கேப்மாரியோ அத்தகையதன்று. தொப்பி மாற்றி ஏய்ப்பவன் என அதற்கு விளக்கம் கூறுவாருண்டு. ஆனால் அது ஒரு மக்கட் கூட்டத்தின் பெயர். 1871இல் ஆங்கிலேயர் வட இந்தியாவில் இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவன் செய்த குற்றத்துக்காக அன்றி, பிறந்த குடிக்காக அவனைப் பதிவேட்டில் ஏற்றி, கைரேகை பெற்றுக் கண்காணித்தது அச்சட்டம். இதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். நம் தென்னார்க்காட்டிலேயே அசீசு நகரில் இத்தகையோரை அடைத்து வைத்த குடியிருப்பு இருந்தது.

சென்னை மாகாணம் 1947இலும் நடுவண் அரசு 1952இலும் அச்சட்டத்தை நீக்கின. கேப்மாரி என்னும் பெயர் இன்று அரசின் சீர்மரபினர் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அரசேடு சீர்மரபு என்று திருத்திக்கொண்டது. நம் நாவோ அப்பெயரை வசையாகவே வைத்துக்கொண்டது.

சட்டம் ஒழிந்தும் ஐயம் ஒழியவில்லை என்பதற்கு நெய்வேலியார் தொலைவு செல்ல வேண்டா. நமக்கு அணித்தான முதனையைச் சேர்ந்த குறவர் ஒருவர், 1993 மார்ச்சுத் திங்களில் திருட்டு ஐயத்தின்பேரில் பிடிக்கப்பட்டுக் காவலில் மாண்டார். குறவருள்ளும் பல பிரிவினர் அப்பழைய சட்டத்தின் பட்டியலில் இருந்தவர்களே. அவர் இறப்புக்குக் காரணமான காவலர்கள் பின்னர்த் தண்டனை பெற்றனர். 2021இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ திரைப்படம் அந்நிகழ்வை நாடறியச் செய்தது.

1956இல் நிறுவனம் தோன்றியபின் பல மாவட்டத்தார் குடியேறிய ஊர் இது. அவர்களோடு வசைகளும் வந்து சேர்ந்தன. அவற்றுள் எதனைக் கவிதையிலும் நாடகத்திலும் ஆள்வது, எதனை விலக்குவது என்னும் தேர்வு நம்முடையது. நகைச்சுவைக்காகக் கேப்மாரி என எழுதும்போது, அப்பெயருக்குரிய ஒரு சிறுவன் அவ்வரியைப் படிக்கக்கூடும் என்பதை நினைவிற் கொள்வோம். தீயோனைச் சுட்ட நமக்குக் கயவன் என்னும் சொல் இருக்கிறது. அது எந்தக் குடியின் பெயரும் அன்று.