சுருள் சிரை நோயும் அதன் மருத்துவ வரலாறும்

கால்களில் தோலுக்கடியில் உள்ள சிரைகள் புடைத்து முறுக்கிக்கொள்வது சுருள் சிரை நோய் அல்லது வெரிகோஸ் வெயின் எனப்படும். பேச்சுவழக்கில் இதை 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்பர். ஆனால் பாதிக்கப்படுவது நரம்பு அன்று. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரை. தோலிலேயே சிவப்பாகவோ நீலமாகவோ வலைபோலப் படரும் மெல்லிய குழாய்கள் சிலந்திச் சிரைகள் எனப்படும். இவை பெரும்பாலும் தீங்கற்றவை. சுருள் சிரை மிகப் பழைய நோய். அதன் காரணம் புரிந்தது வெகு காலத்துக்குப் பின்னரே.

பண்டைக் காலம்

கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸ் சுவடி, நெளிந்து புடைத்த இவ்வகை வீக்கங்களைக் கத்தியால் தொடக்கூடாது என எச்சரிக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய நூலாசிரியர் செல்சஸ், சிரைக்குச் சூடு வைப்பதையும் கொக்கியால் தூக்கி அறுத்தெடுப்பதையும் விவரித்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. ரோமானியத் தளபதி மாரியஸ், தம்மைக் கட்டிவைக்க மறுத்து, ஒரு காலில் இந்த அறுவையை அசையாமல் தாங்கினார் என்றும், வலிக்கு ஈடான பயன் இல்லையெனக் கருதி மறு காலை நீட்ட மறுத்துவிட்டார் என்றும் புளூட்டார்க் எழுதியுள்ளார்.

வால்வுகளின் கண்டுபிடிப்பு

இத்தாலியின் பதுவாவில் உடற்கூறியல் கற்பித்த ஃபப்ரீசியஸ், சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகளைப் பற்றி 1603இல் நூல் வெளியிட்டார். இரத்தம் உறுப்புகளை நோக்கிப் பாய்கிறது என்ற பழைய கொள்கையை நம்பியதால், அந்த வேகத்தைக் குறைக்கவே வால்வுகள் உள்ளன என அவர் எண்ணினார். அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி, 1628இல் இரத்தச் சுற்றோட்டத்தை விளக்கியபோதுதான் உண்மை தெளிவானது. வால்வுகள் இரத்தத்தை இதயத்தின் பக்கம் மட்டுமே செல்லவிடுகின்றன. அவை சரியாக மூடாதபோது இரத்தம் கீழிறங்கித் தேங்குகிறது, சிரை புடைக்கிறது. பரம்பரை, வயது, கருவுறுதல், உடற்பருமன், நெடுநேரம் நின்று வேலை செய்தல் ஆகியவை இதற்கு வழிவகுக்கின்றன.

நவீன சிகிச்சை

இந்த அறிவு அறுவை அரங்கை எட்ட ஏறக்குறைய 260 ஆண்டுகள் ஆயின. 1890ஐ ஒட்டி ஜெர்மானிய மருத்துவர் டிரெண்டலென்பர்க், தொடையில் பெருஞ்சிரையைக் கட்டி, இரத்தம் கீழிறங்குவதைத் தடுத்தார். அமெரிக்காவில் 1905இல் கெல்லரும் 1907இல் பாப்காக்கும் சிரையை உள்ளிருந்து உருவியெடுக்கும் முறைகளை வெளியிட்டனர். 1950களில் கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற பொறியாளர், தாமே இந்நோயால் அவதிப்பட்டவர், நீச்சல் குளத்தில் நிற்கும்போது வலி குறைவதைக் கவனித்தார். ஆழத்தில் நீரின் அழுத்தம் மிகுதி என்பதைக் கொண்டு, கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் உள்ள காலுறையை உருவாக்கினார்.

அல்ட்ராசவுண்ட் பரிசோதனை, எந்த வால்வு பழுது என்பதைத் தோலைக் கீறாமலே காட்டியது. அமெரிக்காவில் 1999இல் ரேடியோ அலை முறையும் 2002இல் லேசர் முறையும் அனுமதி பெற்றன. இவற்றில் சிரை உள்ளிருந்தே சூடாக்கி மூடப்படுகிறது; இரத்தம் நல்ல சிரைகள் வழியே திரும்புகிறது. சிலந்திச் சிரைகளை மருந்து ஊசியால் சுருங்கச் செய்கின்றனர்.

அன்று செல்சஸ் வைத்ததும் சூடுதான். இன்று வைப்பதும் சூடுதான். ஆனால் எங்கே வைப்பது, ஏன் வைப்பது என்பது இன்று தெரியும். மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு, பெரும்பாலோர் அன்றே நடந்து வீடு திரும்புகின்றனர்.